படிக்காசும் பசிப்பிணியும்

திருச்சிற்றம்பலம்

எல்லாம்வல்ல இறைவன் உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களைப் படைத்தளித்தருளியது, அவ்வுயிர்கள் அவற்றைக் கருவியாகக் கொண்டு மலப்பிணி நீங்கி வீடுபெறுதற்பொருட்டு என்பது சைவசித்தாந்த நூல்களின் துணிபாம். அந் நான்கனுள் தனுவாகிய உடம்பு உணவினாலன்றி நில்லாது. உடம்பு நில்லாதாயின் சரியை முதலிய நாற்பாதங்களுள் ஒன்றும் நிகழுமாறில்லை. ஆகலின், பசி என்பது வயிற்றின் துன்பமாக மாத்திரம் ஒழிவதன்று. உயிரின் சிவப்பேற்றிற்கும் ஒரு தடையாய் நிற்பதாம். நம் முன்னோர் அன்னதானத்தைத் தானங்களுள் தலையாயதென்று கொண்டதும், அடியார்க்கு அமுதளித்தலை மாகேசுர பூசை எனப் பூசையாகவே வைத்ததும் இதுபற்றியே என்க.

இனி, அப் பசி ஒரு மனையின்கண் எவ்வாற்றான் வந்து புகுகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். வானம் பொய்த்தது, நெல் விளைந்திலது, ஆதலாற் பசி வந்தது என்று பலரும் எளிதிற் கூறிவிடுவர். அது முழு உண்மையன்று. நெல் விளைந்த நாட்டிலும் பட்டினி கிடந்த மனைகள் உண்டு. நெல் விளையாத ஆண்டிலும் அடுப்பு அவியாத மனைகள் உண்டு. நெல்லுக்கும் வாய்க்கும் இடையே பல வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று அடைபடினும் பசி தீராது. இவ்வுண்மை அண்மைக்காலத்துப் பொருளியல் வல்லார் புதிதாகக் கண்டது போலச் சிலராற் பேசப்படுகின்றது. நம் திருத்தொண்டர் புராணம் இதனைத் தெளிவாகக் காட்டியிருத்தலையும், நம் நாட்டுக் கல்வெட்டுக்களும் பஞ்ச வரலாறுகளும் அதற்குச் சான்றாதலையும் ஈண்டு ஒருசிறிது எடுத்துக் காட்டப் புகுகின்றாம்.

வீழிமிழலையிற் பெற்ற காசு

ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் அடியார் திருக்கூட்டத்தோடு திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்து, மழையின்றிப் பயிர் விளைவு சுருங்கிப் பெரும் பஞ்சம் வந்துற்றது. உலகர் பசியால் வருந்தினர். அது கண்டு அடிகளிருவரும் திருவுள்ளம் கவன்றனர். இறைவன் அவர்கட்குக் கனவில் எழுந்தருளி, காலவேற்றுமையான் உங்கள் கருத்து வாட்டமுறாதாயினும் உங்களைச் சார்ந்து வழிபடுவார்பொருட்டு நாடோறும் படிக்காசு தருகின்றாம் என்னுங் கருத்துப்பட அருளிச்செய்தனன். அவ்வாறே கிழக்கிலும் மேற்கிலும் உள்ள பீடங்களில் நாளொன்றுக்கு ஒவ்வொரு காசு வைக்கப்பட்டது. அக்காசு கொண்டு அரிசி காய்கறி முதலியன வாங்கி, இரு திருமடங்களிலும் அமுது சமைத்துப் பறை சாற்றி அழைத்து அடியார் அனைவரையும் ஊட்டினர் என்பது வரலாறு.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. பஞ்சகாலத்திலே இறைவன் அளித்தது நெல்லன்று, காசு. காசு பெற்றவுடன் பண்டங்கள் கிடைத்தன, அமுது ஆக்கப்பட்டது. இதனாற் பெறப்படுவது யாது? அப் பஞ்சத்திலும் அங்காடியில் நெல்லும் அரிசியும் ஒருவாறு இருந்தன. அவற்றை வாங்கும் ஆற்றலே குடிகள்பால் இல்லாதொழிந்தது என்பதாம். உழவுத்தொழில் நின்றமையாற் கூலி நின்றது; கூலி நின்றமையாற் காசு நின்றது; காசு நின்றமையால் அங்காடியிற் குவிந்த நெல்லும் ஏழைக்குக் காட்சிப்பொருளாயிற்று. இறைவன் அந்நோயின் முதலை நாடி அதற்கே மருந்தளித்தனன்.

அதனோடும் அமையாது வரலாறு மேலும் நடக்கின்றது. திருநாவுக்கரசர் மடத்தில் அடியார்கள் உரிய காலத்தில் அமுது செய்ய, பிள்ளையார் மடத்தில் நாடோறும் காலந்தாழ்த்தது. காரணம் வினவிய பிள்ளையாருக்கு மடைத்தொழில் செய்வோர், தாங்கள் கொண்டுசெல்லும் காசுக்கு அங்காடியில் வாசி கேட்கின்றனர். அரசர் பெற்ற காசு வாசியின்றிச் செல்கின்றது என விண்ணப்பித்தனர். வாசி என்பது நாணயத்தின் தரம் பற்றி மாற்றுங்கால் கழிக்கப்படும் வட்டம். அரசர் உழவாரங்கொண்டு கைத்தொண்டு செய்தலின் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது எனத் தெளிந்த பிள்ளையார், தமக்கும் அவ்வாசி தீரும்படி இறைவனைப் பதிகம் பாடி வேண்டினர். பின்னர் அவர் மடத்திலும் காலத்தில் அமுது அமைந்தது.

இஃது அடியாரது பெருமை கூறும் வரலாறு என்பதில் ஐயமின்று. ஆயினும் இதனுள் உலகியற்கு இரண்டு உண்மைகள் பொதிந்து கிடக்கின்றன. உதவி என்று கொடுக்கப்படுவது தரங்குறைந்ததாயின், பெறுவோன் கையில் அது காலத்தாழ்வாகவும் அளவுக்குறைவாகவும் வந்து நிற்கும் என்பது ஒன்று. ஒரு நாழிகைத் தாழ்வும் பசித்தவனுக்குத் துன்பமே. உடம்பால் உழைப்பவனுக்குக் கொடுக்குங் காசில் வட்டம் பிடித்தலாகாது என்பது மற்றொன்று. கைத்தொண்டருக்கு இறைவன் முழுக்காசு அளித்தான் என்பதை மறவாமல் நெஞ்சில் இருத்துக. பின்னர் இது வேண்டப்படும்.

குண்டையூர் நெல்மலை

காசு வாயில் அடைபடுதலை வீழிமிழலை காட்டிற்று. வேறொரு வாயிலைக் குண்டையூர் காட்டும். திருவாரூரில் நம்பியாரூரர் திருமாளிகைக்கு நெல்லும் பருப்பும் பிறவும் வழுவாது அனுப்பிவந்த குண்டையூர் கிழார், மழை சுருங்கி விளைவு குறைந்த ஓராண்டில் அனுப்ப மாட்டாராய் உணவும் கொள்ளாது துயின்றார். இறைவன் அருளால் அவரூரில் நெல் மலையெனக் குவிந்தது. குவிந்தும் என்? குண்டையூரில் இருந்த நெல்லாற் திருவாரூரிற் பசி தீர்ந்ததோ? இல்லை. அதனை எடுத்துச் செல்ல மனிதராலாகாது என்று கண்ட நம்பியாரூரர், அணித்தாகிய திருக்கோளிலியை அடைந்து அந்நெல்லைச் சுமந்து செல்ல ஆள் வேண்டுமென்று விண்ணப்பித்தனர். இரவிற் பூதகணங்கள் அதனைக் கொண்டுவந்து திருவாரூர் வீதியெங்கும் நிரப்பின.

மறுநாள் பரவையார் செய்ததே இவ்வரலாற்றின் முடிமணி. தம் மனைக்கென வந்த நெல் அது. அதனைப் பூட்டிவைத்துச் சிறிது சிறிதாக வழங்கி வள்ளன்மைப் பெயர் பெறுதல் அவருக்கு அரிதன்று. அவர் அங்ஙனஞ் செய்திலர். அவரவர் மனையின் எல்லைக்குட்பட்ட நெல்லை அவரவரே தத்தம் வீட்டிற்கு எடுத்துக்கொள்க என்று முரசறைவித்தனர். கேட்டுப் பெறும் நிலை இல்லை. வரிசையில் நின்று கையேந்தும் நிலை இல்லை. இன்னார்க்கு உண்டு இன்னார்க்கு இல்லை என்னும் பாகுபாடும் இல்லை. வாயிற்படியிற் கிடந்த நெல்லை எடுத்தலில் யாருக்கும் நாணமும் இல்லை. மனைதோறும் உணவு சென்று சேர்தல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறு எந்நாட்டு இலக்கியத்திலும் உளதோ என ஐயுறுகின்றாம்.

மனைக்குள் நிகழ்வதையும் புராணம் விட்டுவைக்கவில்லை. செல்வஞ் சுருங்கிய இளையான்குடி மாறனார், மழை பெய்யும் நள்ளிருளில் வந்த அடியார்க்கு அமுதளிக்க வேறு வகையின்றிப் பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொணர்ந்தார். விறகின்மையாற் கூரையின் வரிச்சுக்களை அறுத்துத் தந்தார். கொல்லையின் குழியில் நின்ற முற்றாத கீரையைப் பறித்தார். நாயனார் இதனைச் செய்தது தமக்கன்று; அடியார்பொருட்டே. அதனால் அது சிவபுண்ணியமாயிற்று. ஆனால் உலகில் வறுமையுற்ற எத்துணையோ மனைகள் தம் மக்கள் வயிறு நிரப்புதற்பொருட்டே இதே படிகளில் இறங்குகின்றன. விதைநெல்லை உண்டால் வருமாண்டின் விளைவு போயிற்று. கூரையைப் பிரித்து எரித்தால் இருக்குமிடம் போயிற்று. இவ்வெல்லைக்கு ஒரு குடும்பம் வந்த பின்னர் அளிக்கும் உதவி பிந்திய உதவியே. அந்நாயனார் திருக்கதையை ஓதும் நாம், அண்டை மனையின் வரிச்சு அறுபடுமுன் அதனை அறிந்தோமா என்று நம்மை வினவிக்கொள்ளல் வேண்டும்.

கல்லில் எழுதிய இரண்டு செய்திகள்

புராணம் கூறுவன அடியார் வரலாறுகள். கல்வெட்டுக்கள் கூறுவன ஊரார் வரலாறுகள். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களுள் பஞ்சம் பற்றிய இரண்டனை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

ஒன்று ஆலங்குடியில் உள்ளது. காலம் பொல்லாதாகி, உண்ணுதற்கு நெல் வாங்கவும் விதைக்கும் பிற உழவுச் செலவிற்கும் பொருளின்றி ஊர்ச்சபையார் இடர்ப்பட்டனர். அக்காலை அவர்கள் கோயிற் பண்டாரத்திலிருந்த பொன்னணிகளையும் வெள்ளிக் கலங்களையும் கடனாகப் பெற்றனர். அதற்கீடாக 8¾ வேலி நிலத்தைக் கோயிலுக்கு விடுத்து, அதன் விளைவு வட்டிக்குச் செல்க என்று எழுதிவைத்தனர். இறைவன் திருமேனியிற் சாத்திய அணி இறைவன் குடிகளின் வயிற்றைக் காத்தது. விதைநெல் அழியாது காத்தமையால் ஊரும் மீண்டும் உழவைத் தொடர இயன்றது.

மற்றொன்று திருப்பாம்புரத்தில் உள்ளது. மூன்றாங் குலோத்துங்க சோழன் காலத்தது, கி.பி. 1201-ஆம் ஆண்டினது. நெல் காசுக்கு மூன்று நாழியாக விற்ற கொடிய காலத்தில், வேளாளன் ஒருவன் பட்டினியாற் சாவாமைப்பொருட்டுத் தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டான் என்று அது கூறுகின்றது.

அக்காசின் மதிப்பைச் சிறிது கணக்கிட்டுக் காண்போம். காசுக்கு மூன்று நாழியாயின் 110 காசுக்கு 330 நாழி நெல். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்னும் வாய்பாட்டின்படி அது மூன்று கலம் ஐந்து குறுணி இரண்டு நாழி. ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது சோழர் கல்வெட்டுக்களிற் பயின்ற கணக்கு. அதன்படி 132 நாழி அரிசி ஆகும். ஒருவர்க்கு நாளொன்றுக்கு நாழியரிசி எனக் கொள்ளின், மூவர்க்கு அது 44 நாள் உணவு. மூன்று உயிர்களின் வாணாள் முழுவதும் 44 நாட் சோற்றுக்கு விலையாயிற்று. அந்நாளிலும் நெல் இல்லாமற் போகவில்லை என்பதை ஓர்க. விலை சொல்லப்பட்டிருத்தலே நெல் இருந்தமைக்குச் சான்று. இல்லாதொழிந்தது காசே.

திருப்பாம்புரம் திருவீழிமிழலைக்குத் தொலைவிலன்று. இரண்டும் தேவாரப் பாடல்பெற்ற திருப்பதிகளே. இரண்டும் இன்றைத் திருவாரூர் மாவட்டத்தனவே. ஓரூரிற் பஞ்சம் வந்தபோது இறைவன் பீடத்தில் வாசியற்ற காசு வைத்தான். ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது ஆண்டு கழித்து அதன் அயலூரிற் பஞ்சம் வந்தபோது, கோயில் ஒரு தந்தையையும் அவன் மக்களையும் காசு கொடுத்து வாங்கிற்று. சேக்கிழார் பெருமான் படிக்காசு வரலாற்றைப் பாடிவைத்த அதே 12-ஆம் நூற்றாண்டு முடிந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. கோயில் அவர்களைச் சாவினின்றும் காத்ததன்றோ எனின், காத்தது உண்மை. ஆயினும் ஆலங்குடிக் கோயில் காத்தவாறு வேறு, திருப்பாம்புரத்துக் கோயில் காத்தவாறு வேறு. ஒன்று குடியைக் குடியாகவே நிறுத்திக் காத்தது. ஒன்று குடியை அடிமையாக்கிக் காத்தது. சைவராகிய நாம் முன்னதைப் பெருமையோடு எடுத்துரைத்துப் பின்னதை மறைத்தல் முறையன்று. இரண்டும் நம் கோயிற் சுவரிலேயே எழுதப்பட்டுள்ளன.

இவ்விடத்துக் கோட்புலி நாயனார் வரலாறு நினைவிற்கு வரும். இறைவன் திருவமுதுக்கென நாயனார் கூடுகட்டி வைத்து, ஆணையிட்டுச் சென்ற நெல்லை, பஞ்சத்தில் அவர் சுற்றத்தார் எடுத்துண்டனர். மீண்டுவந்த நாயனார் அவர்களை வாளுக்கு இரையாக்கினர். இதனைக் காட்டி, கோயிற்பொருள் குடிகளின் பசிக்கு உதவலாகாது என்று வாதிப்பாரும் உளர். அவர் அவ்வரலாற்றின் முடிவை நோக்கிற்றிலர். இறைவன் வெளிப்பட்டு, நாயனாரைத் தன்னுலகு சேர்த்ததோடு, வாளால் வீழ்ந்த அச்சுற்றத்தார்க்கும் உயர்ந்த கதியளித்தான் என்றே புராணம் முடிகின்றது. பசியால் எடுத்தவரை இறைவன் தள்ளவில்லை. நாயனார் செயல் அவருடைய வன்றொண்டின் எல்லை. அது பிறர்க்குப் பூட்டுத்திறவுகோலாகாது.

தாது வருடப் பஞ்சம்

இனி அண்மைக் காலத்திற்கு வருவாம். 1876-ஆம் ஆண்டில் தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என நம் பாட்டன்மார் வழங்கினர். சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதியும் ஐதராபாத்தும் அதில் அகப்பட்டன. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மாத்திரம் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகின்றது.

அக்காலத்துப் புகைவண்டிப் பாதைகள் இருந்தன, கப்பல்கள் இருந்தன. பிற நாடுகளினின்றும் தானியம் சென்னைத் துறையில் வந்திறங்கிற்று. அதே காலத்தில் இந்நாட்டினின்றும் கோதுமை பெருந்தொகையாக இங்கிலாந்து சென்றது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது இராசப்பிரதிநிதி லிட்டன் பிரபுவின் கொள்கை. நெல் சென்ற வழி காசிருந்த இடம் நோக்கிய வழி. பசியிருந்த இடம் நோக்கிய வழியன்று. குண்டையூரில் நெல்மலை கிடந்தது போலத் துறைமுகத்தில் மூட்டைகள் கிடந்தன. ஆள் தருவாரும் இல்லை, முரசறைவாரும் இல்லை.

1877-ஆம் ஆண்டு சனவரியில் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பார், நிவாரண வேலைத்தலங்களில் நாள் முழுதும் உழைக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே கூலி என்று குறைத்தார். பெண்டிர்க்கும் சிறார்க்கும் அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது இக்காலத்து 450 கிராம் அளவினது. சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரியாயிருந்த கார்னிஷ் என்னும் மருத்துவர், கடின உழைப்பாளிக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பு காய்கறிகளும் வேண்டுமென எதிர்த்துரைத்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை அரசு ஒன்றேகாற் பவுண்டு தானியமும் சிறிது பருப்பும் என உயர்த்தியது.

கைத்தொண்டர்க்கு வாசியில்லாக் காசு என்றது வீழிமிழலை. மண்சுமந்த கைக்கு வட்டம் பிடித்த கூலி என்றது டெம்பிள் வகுத்த திட்டம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயின் பகுதி இப்பஞ்சத்து நிவாரண வேலையே. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அக்கால்வாய்க்கு நின்றது. வெட்டிய கைகளின் பெயர் நிற்கவில்லை.

அப்பஞ்சத்தில் நம்மவர் வாளா இருந்திலர். யாழ்ப்பாணத்தையும் அக்காலத்துப் பஞ்சம் பற்றியபோது, சைவத்தின் காவலராகிய ஆறுமுக நாவலரவர்கள் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். புராணப் பிரசங்கமும் நூற்பதிப்பும் செய்த கைகளே கஞ்சி வார்க்க முன்வந்தன. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், வடலூரில் இராமலிங்க அடிகள் தருமச்சாலை தொடங்கினார். அங்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அவியாமல் எரிகின்றது. அருட்பா பற்றிய வழக்கில் எதிரெதிர் நின்ற பெரியோர் இருவரும் பசித்தவன் முன்னிலையில் ஒரே வழியில் நின்றனர் என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

பஞ்சம் தீர்ந்தபின் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1880-இல் அறிக்கை அளித்தது. மழை பொய்த்தவுடன் வயல்வேலை நின்று, அவ்வேலைக் கூலியால் வாழும் பெருந்தொகையினர் வருவாயிழத்தலே துன்பத்தின் தொடக்கம் என அது கண்டது. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் மாண்டனர். அவ்வாண்டில் வங்கத்திலிருந்த அரிசி, பஞ்சமில்லாத 1941-ஆம் ஆண்டினதிற் குறைந்ததன்று எனவும், விலை ஏறிய வேகத்திற்குக் கூலி ஏறாமையாற் கூலியாட்களும் மீன்பிடிப்போரும் மாண்டனர் எனவும் அமர்த்தியா சென் என்னும் பொருளியல் அறிஞர் 1981-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1996-இல் உரோமாபுரியிற் கூடிய உலக உணவு மாநாடு, எல்லா மக்களும் எக்காலத்தும் போதிய நல்லுணவைப் பெறும் வழியும் வாங்கும் ஆற்றலும் உடையராதலே உணவுப் பாதுகாப்பு என்று வகுத்தது. பெறும் வழி குண்டையூரின் ஆள். வாங்கும் ஆற்றல் வீழிமிழலையின் காசு.

இக்காலத்து வாசி

இக்காலத்தில் நம் நாட்டு நிலை பெரிதும் திருந்தியுள்ளது. அதனை மறுத்தல் நன்றிகொன்றதாகும். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகராண்மை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் சிறார்க்கு நண்பகலுணவு அளிக்கத் துணிந்தது. மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவு. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாகாணமெங்கும் பரவ வழி பிறந்தது. 1982-இல் எம்.ஜி.இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் தொடக்கப்பள்ளிகளிற் காலையுணவும் சேர்ந்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தகுதியுடையார்க்கு உணவுத் தானியத்தைச் சட்டவுரிமையாக்கிற்று. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசிக்கார்டுக்கு விலையில்லா அரிசி வழங்கப்பட்டு வருகின்றது. பெருந்திருக்கோயில்களில் நண்பகல் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கப்பட்டது. தன்னை விற்று உயிர் காத்த திருப்பாம்புரத்து வேளாளன் இவற்றைக் கண்டிருப்பின் கைகூப்பியிருப்பான்.

ஆயினும் வாசி முற்றும் தீர்ந்திலது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்தாண்டிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 35.5 பேர் வயதிற்கேற்ற உயரமின்றி உள்ளனர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகையுடையர். அரிசி மனைக்குள் வந்துவிட்டது. ஆனால் பருப்பும் பாலும் காயும் கீரையும் அதனோடு வரவில்லை. வந்ததும் மனைக்குள் ஒருபடித்தாய்ப் பங்கிடப்படவில்லை. கணவனும் மைந்தரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் மனைவி. மிஞ்சாத நாளில் பசியில்லை என்று கூறி நீர் அருந்திப் படுப்பவளும் அவளே. இப்பட்டினி எந்தப் பதிவேட்டிலும் எளிதில் ஏறாது. பஞ்சம் ஊரில் இல்லாத காலத்தும் ஒரு வீட்டின் ஒரு வயிற்றில் அது இருத்தல் கூடும்.

கொடுக்கும் பொருளில் எடை குறைந்தால் அது வாசி. பழுதான அரிசி அளந்தால் அது வாசி. விரல்ரேகை பதியவில்லை என்று முதியவளைத் திருப்பியனுப்பினால் அது வாசி. ஊர் மாறிப் பிழைக்கச் சென்றவனைக் கார்டு எங்கே என்று நிறுத்தினால் அதுவும் வாசி. அன்னதானப் பந்தியில் முகம்பார்த்து இடங்காட்டினால் அது எல்லாவற்றினும் கொடிய வாசி.

ஒரு தடையும் அதற்கு விடையும்

பசித்தவன் தன் முன்வினையை நுகர்கின்றான். அதனை நாம் இடைநின்று தடுத்தல் இயலுமோ என்று சித்தாந்தத்தின் பெயரால் ஒரு தடை எழுப்புவாரும் உளர். இது நூலறிவின் பிழை. வினையை ஊட்டுவோன் இறைவன்; நாமல்லேம். எவன் எவ்வினையை எத்துணைக் காலம் நுகர்தல் வேண்டும் என்னும் கணக்கு அவன் கையிலுள்ளது. அவ்விறைவனே வீழிமிழலையில் குடிகளின் பசி கண்டு, இஃது இவர்கள் வினை என்று சொல்லி வாளா இருந்திலன், காசு வைத்தான். ஊட்டுவோனே இரங்கிய இடத்தில், உடனிருப்போன் இரங்காமைக்கு வினையைக் காரணங்காட்டுதல் எவ்வாற்றானும் பொருந்தாது. பசித்தவனுக்கு வந்தது அவன் வினையெனின், அவன் பசியைக் கண்டும் கொடாமை நம் வினையாய் வந்து சேரும் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

ஆகவே அன்பர்கள் செய்யற்பாலன சில உள. விழா நாளில் ஆயிரவர்க்கு அன்னமிடுதல் நன்று. அதனினும் நன்று, நம் தெருவில் அடுப்பு மூட்டாத மனை எது என அறிந்து, பிறர் அறியாமல் அங்கே ஒரு மாதத்திற்கு வேண்டுவன சேர்த்தல். கோயிலும் மடமும் நிலமுடையன. அந்நிலத்துக் குடி விதைநெல்லை உண்ணும் நிலைக்கு வரும் முன்னர், ஆலங்குடிப் பண்டாரம் திறந்தது போலத் திறத்தல் வேண்டும். வீட்டில் உழைப்பவர்க்குக் கூலி கொடுப்போர், பேசிய கூலியைப் பேசிய நாளில் வட்டமின்றிக் கொடுத்தல் வேண்டும். தத்தம் மனையில் உண்ணுமுன், சமைத்தவள் கலத்தில் என்ன உளது என நோக்குதல் வேண்டும். நியாயவிலைக் கடையில் எழுதப்படிக்க அறியாத அண்டைவீட்டார்க்கு உடன்சென்று உதவுதலும் திருத்தொண்டேயாம். அது குண்டையூர் நெல்லுக்கு ஆளாய் நிற்றலை ஒக்கும்.

இறைவன் நம் கையிலும் ஒரு காசு வைத்துள்ளான். அது செல்வமாகவேனும், கல்வியாகவேனும், உடல்வலியாகவேனும் இருக்கலாம். அதனை வாசியின்றிச் செலவிட்டால் பிறர் மனையில் அமுது காலத்தில் அமையும். திருவீழிமிழலைப் பெருமான் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்